துரை பங்களாவில் தேனிலவு

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பஸ் டிக்கோயாவைக் கடந்து நோர்வூட்டை நெருங்கும்போது காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் படும். நீரைச் சுற்றித் தேயிலை மலைகள். மலைகளின் மேட்டில், பழைய மரங்களுக்கு நடுவே, முன்பக்கம் பூந்தோட்டமும் புல்வெளியுமாகத் துரை பங்களாக்கள். அவற்றில் பல இன்று விடுதிகளாகிவிட்டன. கலியாணம் முடித்த கையோடு வரும் கொழும்புத் தம்பதியர், லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், சென்னையிலிருந்து வருகிறவர்கள், ஐரோப்பியர் என்று பலரும் இங்கே அறை தேடுகிறார்கள்.

மலைநாட்டில் இருவர் தங்க இடம் தேடினால், வசதியான விடுதிகள் மூன்று விதமாக அமையும். நுவரெலியாவின் பழைய ஆங்கிலேய ஹோட்டல் ஒன்று. தேயிலைத் தொழிற்சாலையையே ஹோட்டலாக்கிய கந்தப்பளை இரண்டாவது. டிக்கோயா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் துரை பங்களா மூன்றாவது. மூன்றும் அறைகளோடு ஒரு காலத்தையும் சேர்த்தே விற்கின்றன. எந்தக் காலம், யாருடைய காலம் என்று தெரிந்துகொண்டு தெரிவு செய்வது நல்லது.

காலத்தை விற்கும் ஹோட்டல் உலகத்துக்குப் புதிதல்ல. கலிபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலையில் டிஸ்னிலாந்து திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதன் பக்கத்திலேயே டிஸ்னிலாந்து ஹோட்டலும் திறந்தது. 1971இல் புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் இரண்டாவது பூங்கா எழுந்தபோது, பொலினீசியத் தீவு போல ஒரு ஹோட்டலையும் வருங்கால நகரம் போல இன்னொன்றையும் கட்டினார்கள். 1988இல் விக்டோரியா காலத்துக் கடற்கரை மாளிகை போல ஒன்று வந்தது. தீம் பார்க் ஹோட்டலின் கணக்கு எளிமையானது. வேறொரு இடத்தின் தோற்றத்தை இங்கே கட்டி, வருகிறவர்களை அதற்குள் தூங்க வைப்பது. டிக்கோயாவில் எதையும் புதிதாகக் கட்டத் தேவைப்படவில்லை. வீடு பழையது, மலை பழையது, தேயிலைச் செடி பழையது. விடிகாலையில் பங்களா வேலிக்கு அப்பால் கூடையோடு மலையேறும் பெண்களும் அன்றைய கூலிக்காக உண்மையாகவே வேலைக்குப் போகிறவர்கள். இந்த ஒரு வேறுபாடுதான் டிக்கோயா விடுதிகளின் கதையை அனஹைமிலிருந்து பிரித்து நிறுத்துகிறது.

டிக்கோயாவின் காடுகளைத் திறந்தது கோப்பி. கண்டியைச் சுற்றிய மலைகள் 1830களிலும் 40களிலும் நிரம்பிவிட, தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரைமார் தெற்கே ஏறி இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வந்தார்கள். அவர்களில் ஸ்கொட்லாந்துக்காரர் அதிகம். கிளென்கெயர்ன், ஸ்ட்ரத்ஸ்பே, டன்கெல்ட் என்று தங்கள் ஊர்ப் பெயர்களையும் ஆற்றுப் பெயர்களையும் மலைகளுக்குச் சூட்டினார்கள். 1868இல் டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் தொடங்கியது. டரவளையில் அதன் மைதானம் இன்றும் இருக்கிறது. 1878இல் வார்லி தோட்டத்து மேட்டில் கல்லால் ஒரு தேவாலயம் எழுந்தது. கழகமும் கோயிலும் கல்லறையும் அமைத்துக்கொண்டு, நிரந்தரமாகத் தங்குகிறவர்களைப் போலத் துரைமார் குடியேறினார்கள்.

ஆனால் கோப்பி அப்போதே நோயில் விழுந்திருந்தது. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இலங்கைக் கோப்பியைத் துடைத்தெறிந்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்திருந்த தேயிலைதான் துரைமாரைக் காப்பாற்றியது. 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது. தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியில் பல நாள் பயணம் செய்து இறங்கிய காலம் முடிந்தது. காசு புழங்கத் தொடங்கியதும் கோப்பிக் காலத்துக் குடிசைகள் போய் விசாலமான பங்களாக்கள் வந்தன. இன்று விடுதியாக இருக்கும் தியன்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது.

அந்தப் பழைய கோப்பிக் காலத்திலேயே ஒரு தம்பதி இந்தப் பள்ளத்தாக்கை விரும்பித் தெரிவு செய்தார்கள். அவர்களை மறந்துவிட்டு டிக்கோயாவைப் பற்றிப் பேச முடியாது. கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். 1833இன் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களில் நீதித்துறைப் பகுதி அவருடையது. இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு ஒழிந்தது அந்தச் சீர்திருத்தங்களால்தான். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த ஒரு கமராவை வைத்துக்கொண்டு, உலகப் புகைப்படக்கலை வரலாற்றில் நீங்காத இடம்பிடித்தார். டெனிசன், டார்வின், ஹெர்ஷல் எல்லோரும் அவருடைய கண்ணாடித் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்.

சார்ள்ஸுக்கு இலங்கை மீது தீராத காதல். கையில் இருந்த பணத்தைக் கோப்பித் தோட்டங்களில் போட்டிருந்தார். 1875இல், எண்பது வயதில், இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்த வீட்டை விட்டு மனைவியோடு கப்பலேறினார். பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள். பிரபலங்கள் நிறைந்த வாழ்க்கையை விட்டுக் கணவரின் ஆசைக்காகக் கடல் கடந்த ஜூலியா, களுத்துறையிலும் மலைநாட்டிலும் தமிழ்த் தொழிலாளரைப் படமெடுத்தார். அவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியிருக்கின்றன. இங்கிலாந்துப் படங்களில் உட்கார்ந்தவர்கள் பலருக்கும் பெயர் உண்டு. இலங்கைப் படங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. ஆனாலும் நேராகக் கமராவைப் பார்த்து நிற்கும் அந்த முகங்கள், மலையகத் தமிழரின் மிகப் பழைய படங்களில் சேர்ந்தவை. அதற்காகவேனும் அவரை நன்றியோடு நினைக்க வேண்டும்.

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். அடுத்த ஆண்டு சார்ள்ஸும் போய்ச் சேர்ந்தார். இருவரும் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்து வளவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பங்களாவில் தங்குகிற தம்பதியர் அரைநாள் ஒதுக்கினால் போதும், பார்த்துவிட்டு வரலாம்.

பங்களா என்பது தனி வீடு மட்டும் அல்ல, ஓர் ஆட்சிமுறை. உச்சியில் பெரிய துரை, கொஞ்சம் கீழே சின்னத் துரை, அதற்கும் கீழே கிளாக்கர், கணக்கப்பிள்ளை, ஸ்டாப் குவாட்டர்ஸ், எல்லாவற்றுக்கும் அடியில் தொழிலாளரின் வரிசை வீடான லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா ஒன்றில் ஒரு குடும்பம். முன்னால் திண்ணை போல ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமாக இருந்தால் முதுகுக்கு முதுகு ஒட்டிய இன்னொரு வரிசை. யார் எந்த உயரத்தில் வசிக்கிறார்கள் என்பதே அவர் யார் என்பதைச் சொல்லிவிடும். பங்களாவுக்குள் வேலை செய்தவர்கள் அப்பு, குசினிக்காரர், ஆயா, தோட்டக்காரர். விடிகாலைத் தேநீரைக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுப்பது அந்த வீட்டின் பழக்கம். இன்றைய விடுதிகளும் அதைக் கைவிடவில்லை. விருந்தினர் மிகவும் ரசிக்கும் உபசாரமும் அதுதான்.

இந்த மலைக்குள் நுழைவது ஒருகாலத்தில் எளிதல்ல. தோட்டம் துரையின் தனிச் சொத்து. வெளியாள் லயத்துக்குப் போனால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், துணி வியாபாரி போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையை அறிந்தார் என்று சொல்லப்படுகிறது. 1931இல் அவர் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கான தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். மனைவி மீனாட்சியம்மை கூட்டந்தோறும் பாட்டுப் பாடிச் சனங்களைத் திரட்டினார். அந்தப் பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். கணவனும் மனைவியுமாக ஹட்டன், டிக்கோயா மலைகளில் அலைந்த அவர்களுக்கு எந்தப் பங்களாவும் கதவு திறந்திருக்காது. இந்தப் பள்ளத்தாக்கின் தம்பதியர் கதையில் கமரன் இணைக்குக் கிடைக்கும் இடம் நடேசய்யர் - மீனாட்சியம்மை இணைக்கும் கிடைக்க வேண்டும்.

நுவரெலியாவின் கதை வேறு. அது தோட்டம் பார்க்க வந்தவர்களின் ஊர் அல்ல, வெயிலுக்குத் தப்ப வந்தவர்களின் ஊர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1828 வாக்கில் அங்கே கட்டிய ஓய்வு மாளிகைதான் வளர்ந்து, 1891இல் கிராண்ட் ஹோட்டல் ஆனது. கோப்பித் துரைமார் 1876இல் அமைத்த ஹில் கிளப்பில் இரவு உணவுக்கு ஆண்கள் கழுத்துப்பட்டி அணிந்துதான் வர வேண்டும் என்ற விதி நூற்றாண்டு கடந்தும் நீடித்தது. ஏப்ரல் சீசனில் குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி, தெருவெல்லாம் சனம். கூட்டமும் கடைவீதியும் வேண்டும் என்கிற தம்பதிக்கு நுவரெலியாவே சரி. தேயிலை மலையின் வாழ்க்கை அங்கிருந்து பார்த்தால் தூரத்துப் பச்சையாகத்தான் தெரியும்.

துரைமாரின் காலம் முடிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. இடைப்பட்ட காலத்தில் பல பங்களாக்கள் கூரை ஒழுகி, புல்வெளி காடேறிக் கிடந்தன.

அந்தக் காலத்தில் காலியானது பங்களா மட்டும் அல்ல. தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பற்றி 1974இல் இன்னோர் ஒப்பந்தம். அவர்களை யாரும் கேட்கவில்லை. பெட்டியும் படுக்கையுமாக ரயில் நிலையத்தில் நின்று, அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு என்று பிரிந்த சனங்கள், தலைமன்னார்க் கப்பலுக்கு ஏற்றிப்போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள். இன்று புதுமணத் தம்பதியர் கதவோரம் நின்று படமெடுக்கும் மலைநாட்டுப் பாதையில்தான் அந்தக் கோச்சியும் ஓடியது.

நீர்த்தேக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. விடுதிப் படங்களில் ஏரி என்று காட்டப்படுவது கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் முடிக்கப்பட்ட அணையின் நீர். நாட்டுக்கு நீர்மின்சாரம் வேண்டும் என்று 1918லேயே எழுதிய பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கிய மின்நிலையத்துக்காகத் தேக்கப்பட்டது. மஸ்கெலியாவில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய நகரமே நீருக்குள் போனது. கடும் வறட்சியில் பழைய கோயில் கட்டடங்கள் வெளியே தலைகாட்டும். காசல்ரீ, சமர்வில் பங்களாக்கள் 1920களில் கட்டப்பட்டவை. அவற்றைக் கட்டியபோது இந்த ஏரியே இல்லை. இன்று விருந்தினர் அதிக விலை கொடுப்பது அந்தக் காட்சிக்குத்தான்.

தேயிலையே ஒரு விடுதிக்குக் கருப்பொருளாகலாம் என்று பெரிய அளவில் காட்டியது கந்தப்பளைதான். ஹெதர்செட் தோட்டத்தின் இஸ்டோரு, அதாவது தேயிலைத் தொழிற்சாலை, நீண்டகாலம் மூடிக் கிடந்தது. ஏறத்தாழ 6,800 அடி உயரத்தில் தகர உறையும் சன்னல் வரிசையுமாக நின்ற அதை எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் இடிக்காமல் 1996இல் ஹோட்டலாக்கியது. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கை அறைகளாயின. பழைய இயந்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாசலில் ஒரு சின்ன ரயில் பெட்டி உணவகமாக நிற்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஓடி 1940களில் நின்றுபோன குறுகிய பாதை ரயிலின் ஞாபகம் அது. இந்த ஹோட்டல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதுப் பட்டியலில் 2001இல் இடம்பெற்றது. மழைநாளிலும் உள்ளேயே சுற்றிப் பார்க்க நிறைய உண்டு என்பதால், இயந்திரங்களில் ஆர்வமுள்ள இருவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் மலைநாட்டில் இல்லை.

டிக்கோயாவின் முறை 2005இல் வந்தது. டில்மா தேயிலைக் குடும்பத்தினர் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் காசல்ரீ, சமர்வில், நோர்வூட், தியன்சின் ஆகிய நான்கு பங்களாக்களைப் புதுப்பித்து சிலோன் டீ ட்ரெயில்ஸ் என்ற பெயரில் திறந்தார்கள். டன்கெல்ட் பின்னால் சேர்ந்தது. ஒவ்வொரு பங்களாவிலும் சில அறைகளே; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலை மலை வழியாக நடந்தே போகலாம். சமையற்காரர் வந்து இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்து மாதங்களே ஆகியிருந்த வேளை அது. இலங்கை என்றால் கடற்கரை என்று நினைத்திருந்த பயணிகள் மலைக்கும் திரும்பினார்கள். பிறகு வேறு தோட்டங்களின் பங்களாக்களும் ஒவ்வொன்றாக விருந்தினருக்குத் திறந்தன. அவற்றில் எளிய வாடகைக்குக் கிடைப்பவையும் உண்டு.

எப்போது வருவது என்பதைத் தேயிலையே சொல்லிவிடும். டிக்கோயா தென்மேல் பருவமழையின் முகத்தில் இருக்கிறது. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை மழையும் மூட்டமும்தான். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்றும் குளிர்ந்த இரவுமாக இருக்கும். மேற்குச் சரிவுத் தேயிலைக்கு மிகச் சிறந்த மணமும் நிறமும் வருவது அப்போதுதான். ஆனால் அதே மாதங்கள் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணிச் சாலை யாத்திரிகரால் நிரம்பும். அமைதிதான் வேண்டும் என்றால் வார இறுதியையும் பௌர்ணமிப் போயா தினத்தையும் தவிர்த்து வர வேண்டும். இருவரும் சேர்ந்து இரவில் மலையேறிச் சூரியோதயம் பார்க்க வேண்டும் என்றால் அந்த நாட்களே உகந்தவை. இப்போது இன்னொரு வழியும் உண்டு. கண்டியிலிருந்து நுவரெலியா வரை பழைய தோட்டப் பாதைகளை இணைத்து 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாக அமைந்த பீக்கோ நடைபாதை இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவும் போகிறது. நடக்கிறவர்கள் எளிய விடுதிகளிலும் தங்கலாம்.

உயர்ந்த ரகப் பங்களா ஒன்றில் இருவருக்கு ஓர் இரவுக்கான கட்டணம், கொழுந்து பறிக்கும் ஒருவரின் பல மாதச் சம்பளத்துக்கு மேல். 2021இல் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கையே நெடிய போராட்டத்துக்குப் பிறகுதான் சட்டமானது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியின் 150 கட்டில் கொண்ட புதிய கட்டடம் இந்திய உதவியோடு கட்டப்பட்டு, 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் மோடியால் திறக்கப்பட்டது. அன்று நோர்வூட்டில் அவர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். மலையகத் தமிழர் இங்கே வந்து இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் மலையகத்தில் கணிசமானோர் லயக் காம்பிராவிலேயே வாழ்கிறார்கள். 2023இல் மலையகம் 200 என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சனங்கள் நடந்தது, வந்த பாதையை நினைவூட்டவும் காணியும் வீடும் கேட்கவும்தான்.

இதைச் சொல்வது பங்களாவில் தங்க வேண்டாம் என்பதற்காக அல்ல. தங்க வேண்டும். கூரை ஒழுகி இடிந்துபோயிருக்க வேண்டிய கட்டடங்களை விடுதிகள் காப்பாற்றியிருக்கின்றன, வேலையும் வந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா வீடுகளுக்கும் போவதைவிட, பிறந்த மலையிலேயே சமையற்காரராகவும் வழிகாட்டியாகவும் மேலாளராகவும் வளர்வது நல்லது. ஆனால் எத்தனை பேர் மேலாளராகிறார்கள், எத்தனை பேர் தட்டுக் கழுவுவதோடு நிற்கிறார்கள் என்பது விடுதிக்கு விடுதி மாறும். தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

அறை பதியும்போதே கேளுங்கள்: தோட்டத்து இளைஞர்களுக்கு இங்கே என்ன வேலை, என்ன பயிற்சி? தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுகிறவர் கொழுந்து பறிப்பவர்களின் வரலாற்றையும் சொல்வாரா, டெய்லரோடு நிறுத்திவிடுவாரா? சுவரில் துரைமாரின் படங்கள் மட்டுமா, அந்த வீட்டில் தலைமுறையாகச் சமைத்தவர்களின் படமும் உண்டா? மலையில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். அழைப்பில்லாமல் லயத்துக்குள் போய் எட்டிப் பார்க்காதீர்கள். அது அவர்களுடைய வீடு. பேச வேண்டும் என்றால் டிக்கோயாத் தேநீர்க் கடையில் பேசலாம், ஹட்டன் சந்தையில் பேசலாம், ஆடி, மாசி மாதங்களில் தோட்டத்துக் கோயில் திருவிழா நடந்தால் அங்கே எல்லோருக்கும் இடமுண்டு. தமிழ் பேசும் தம்பதிக்கு இந்த மலையில் கிடைக்கும் வாய்ப்பு வேறு எந்தப் பயணிக்கும் கிடைக்காது. கட்டிலுக்குத் தேநீர் கொண்டுவருகிறவரிடம் அவருடைய பாட்டன் எந்தத் தோட்டம், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று தாய்மொழியிலேயே கேட்கலாம். அவசியம் கேளுங்கள்.